நீராவிக் காலத்தை யார் கண்ணால் பார்ப்பது?

மின்சாரமும் பெட்ரோலும் உலகைப் பிடிக்காமல், நீராவியே இன்றுவரை ஆட்சி செய்திருந்தால் நம் இயந்திரங்கள் எப்படி இருந்திருக்கும்? ஸ்டீம்பங்க் என்ற கலைப்பாணி இந்தக் கேள்வியிலிருந்து முளைத்தது. பித்தளைப் பற்சக்கரங்கள், ஆணிகள் துருத்தி நிற்கும் இரும்புத் தகடுகள், ஆகாயக் கப்பல்கள், தோல்பட்டை வைத்த கண்ணாடிகள், உயரமான கறுப்புத் தொப்பிகள் எனத் தனக்கென்று ஓர் உலகத்தை அது கட்டிக்கொண்டது. விக்டோரியா ராணி அரியணையில் இருந்த 1837 முதல் 1901 வரையிலான காலமே அதன் கருவூலம். திரைப்படம், நிழற்படம், ஆடை வடிவமைப்பு, திருமணப் படப்பிடிப்பு எனப் பல வழிகளில் அந்தப் பாணி இன்று தமிழ்நாட்டுக்கும் வந்திருக்கிறது.

திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலையில் உள்ள ரெட்டியார்சத்திரத்தில் இருந்துகொண்டு இந்தப் பாணியைப் பற்றி யோசிப்பது பொருத்தமில்லாத வேலையாகத் தோன்றலாம். காய்கறியும் பூவும் மானாவாரிப் பயிரும் விளையும் ஊர் இது. ஆனால் இங்கிருந்து தெற்கே தெரியும் பழனி மலைத்தொடரின் உச்சியில், விக்டோரியா காலத் தொலைநோக்கி ஒன்று நூறாண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படம்பிடித்து வந்திருக்கிறது. கிழக்கே திண்டுக்கல்லில், நெம்புகோலும் வில்சுருளும் வைத்துக் கையாலேயே பூட்டு செய்யும் பட்டறைகள் உள்ளன. அந்த நகரத்தின் மலைக்கோட்டைக்கும், ஸ்டீம்பங்க் கதைகளின் முதல் நாயகனுக்கும் ஓர் உறவு உண்டு. இந்தச் சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஒரு முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது. விக்டோரியா காலம் நமக்கு லண்டனிலிருந்து இரவல் வாங்கும் உடை அல்ல. நம் மண்ணில் நடந்து, இன்னும் நம் கண்ணால் சரியாகப் படமாக்கப்படாத வரலாறு. இக்கட்டுரை நிறுவ முயல்வது அதைத்தான்.

திப்புவின் மருமகன்

ஸ்டீம்பங்க் என்ற பெயரை 1987இல் அமெரிக்க எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜீட்டர், அறிவியல் புனைவு இதழான 'லோகஸ்'க்கு எழுதிய கடிதத்தில் வைத்தார். பெயர்தான் புதிது, கற்பனை பழையது. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் 1870இல் வெளியிட்ட நாவலில், கடலுக்கடியில் 'நாட்டிலஸ்' என்ற கப்பலைச் செலுத்தும் கேப்டன் நெமோ வருகிறான். அவன் யார், எந்த நாட்டவன் என்பதை வெர்ன் அதில் சொல்லவில்லை. 1874–75இல் வந்த 'மர்மத் தீவு' நாவலில்தான் அந்த முடிச்சு அவிழ்கிறது. நெமோ ஓர் இந்தியன். புந்தேல்கண்ட் இளவரசன் தக்கார். 1857 கிளர்ச்சியில் குடும்பத்தை இழந்தவன். திப்பு சுல்தானின் மருமகன் முறை.

இந்தச் செய்தியைத் திண்டுக்கல்காரர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். மதுரை நாயக்கர் காலத்தில் எழுந்த மலைக்கோட்டைக்கு 1755இல் மைசூர்ப் படையின் ஃபௌஜ்தாராக (படைத் தளபதியாக) வந்தவர் திப்புவின் தந்தை ஹைதர் அலி. பிரெஞ்சுக் கைவினைஞர்களின் உதவியோடு அவர் இங்கே ஓர் ஆயுதச் சாலையை அமைத்தார். அவர் அதிகாரம் வளர்ந்த இடங்களில் திண்டுக்கல் முக்கியமானது. 1790இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தார்கள். 1792 ஸ்ரீரங்கப்பட்டினம் உடன்படிக்கையில் அது நிரந்தரமாகக் கைமாறியது. மைசூர்ப் படையின் இரும்புக்குழல் ராக்கெட்டுகளை ஆராய்ந்துதான் வில்லியம் காங்கிரீவ் இங்கிலாந்தில் தன் ராக்கெட்டுகளைச் செய்தார். ஐரோப்பியச் சிப்பாயைக் கடிக்கும் புலியாக மரத்தில் செய்து, உள்ளே காற்றுக்குழல் இசைப்பெட்டி பொருத்திய திப்புவின் இயந்திரப் பொம்மை, 1799இல் கொள்ளையாக எடுத்துச் செல்லப்பட்டு, இன்று லண்டனில் விக்டோரியா, ஆல்பர்ட் பெயர்களைத் தாங்கிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கைப்பிடியைச் சுழற்றினால் புலி உறுமும், சிப்பாய் முனகுவான். ஸ்டீம்பங்க் கலைஞர்கள் இன்று செய்து பார்க்க ஆசைப்படும் பொருள் 18ஆம் நூற்றாண்டிலேயே இந்தியாவில் இருந்தது.

வெர்ன் 1880இல் எழுதிய 'நீராவி வீடு' நாவல் முழுக்க இந்தியாவில் நடக்கிறது. உருக்கில் செய்த நீராவி யானை ஒன்று, வீடு போன்ற வண்டிகளை இழுத்துக்கொண்டு வட இந்தியாவைச் சுற்றுகிறது. யானைக்குள் கொதிகலன், தும்பிக்கையில் புகை. அதில் பயணிப்பவர்கள் ஆங்கிலேயரும் ஐரோப்பியரும். பகைவன், 1857 கிளர்ச்சித் தலைவர் நானா சாகிப். ஆக, இந்தப் பாணியின் மூலக்கதைகளிலேயே இந்தியா இரண்டு இடங்களில் நிற்கிறது. ஒன்றில் இயந்திரத்தைப் படைத்துப் பேரரசை எதிர்ப்பவனின் நாடு. மற்றொன்றில் இயந்திரத்தின் மேல் அமர்ந்தவர்களால் வேடிக்கை பார்க்கப்படும் நாடு. பிற்காலத் திரைப்படங்கள் இரண்டில் எதைத் தேர்ந்தன என்பதுதான் பரிசீலிக்க வேண்டியது.

உலகத் திரை எடுத்துக்கொண்டதும் விட்டுவிட்டதும்

1954இல் டிஸ்னி நிறுவனம் வெர்னின் கடலடி நாவலைப் படமாக்கியது. ஹார்ப்பர் காஃப் வடிவமைத்த நாட்டிலஸ், செதில் வைத்த இரும்பு மிருகமாகத் திரையில் நீந்தியது. வெளியே முரட்டு இரும்பு, உள்ளே வெல்வெட் இருக்கையும் இசைக்கருவியும் என்ற அந்த முரணை இன்றுவரை ஸ்டீம்பங்க் படங்கள் பின்பற்றுகின்றன. ஆனால் நெமோவாக நடித்தவர் ஆங்கில நடிகர் ஜேம்ஸ் மேசன். கப்பல் திரைக்கு வந்தது; கப்பலின் இந்தியச் சொந்தக்காரன் வரவில்லை. 2003இல் வந்த ஹாலிவுட் படம் ஒன்றில் நசிருதீன் ஷா நெமோவானபோதுதான் அந்தப் பிழை ஓரளவு நேரானது.

செக் இயக்குநர் காரெல் செமான் 1958இல் எடுத்த படம் கலைநுட்பத்தில் இன்னும் ஆழமானது. வெர்ன் நாவல்களின் முதல் பதிப்புகளில் இருந்த கோட்டோவியங்களையே அவர் அரங்கப் பொருள்களிலும் பின்னணித் திரைகளிலும் வரைந்தார். கடல், வானம், சுவர், இயந்திரம் எல்லாவற்றிலும் மெல்லிய கோடுகள் ஓட, அவற்றின் நடுவே உயிருள்ள மனிதர்கள் நடந்தார்கள். ஒரு காலத்தைத் திரைக்குக் கொண்டுவர, அந்தக் காலம் தன்னைத் தானே எப்படி வரைந்துகொண்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்ற பாடம் அதில் இருக்கிறது.

ஜப்பானில் ஹயாவோ மியாசாகி 1986இல் எடுத்த வானக்கோட்டைப் படம், சுரங்க ஊர்த் தொழிலாளர்களையும் பறக்கும் இயந்திரங்களையும் ஒரே கதையில் சேர்த்தது. கட்சுஹிரோ ஓட்டோமோவின் 'ஸ்டீம்பாய்' (2004) 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தையே களமாக்கி, கண்டுபிடிப்பு யாருக்குப் பயன்பட வேண்டும் என்று கேட்டது. மார்ட்டின் ஸ்கார்செஸியின் 'ஹ்யூகோ' (2011), கடிகாரப் பற்சக்கரங்களையும் சினிமாவின் தொடக்ககால மேதை ஜார்ஜ் மெலியெஸையும் இணைத்தது. பிலிம் கேமராவுக்குள்ளும் பற்சக்கரங்களே பிலிமை நகர்த்தின. சினிமாவே விக்டோரியா காலத்தின் கடைசி இயந்திரங்களில் ஒன்று.

ரயிலில் வந்த சினிமா

சினிமா விக்டோரியா காலத்து இயந்திரம் என்ற அந்த உண்மை தமிழ்நாட்டு வரலாற்றில் கண்கூடாகத் தெரிகிறது. சென்னையில் ஆரம்பகாலத் திரையிடல்கள் நடந்த இடங்களில் ஒன்று, ராணியின் பொன்விழா நினைவாகக் கட்டப்பட்ட விக்டோரியா பொது அரங்கம். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். நீராவி இன்ஜின் ஓடிய தண்டவாளமும் ஒளிப்படச் சுருளும் தமிழ் மண்ணில் ஒருவர் கையில் வந்து சேர்ந்தன. தமிழில் நீராவிக் காலக் கற்பனைக்கு ஒரு நாயகன் வேண்டுமென்றால், வின்சென்டை விடப் பொருத்தமான ஆளைத் தேட வேண்டியதில்லை.

நீராவி ரயில் இந்தியத் திரையில் மறுபடி மறுபடி தோன்றியிருக்கிறது. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908இல் ஊட்டி வரையும் போடப்பட்ட நீலகிரி மலை ரயில் 2005இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. பல்சக்கரப் பிடியோடு செங்குத்தில் ஏறும் அந்த ரயில் டேவிட் லீனின் 'எ பாசேஜ் டு இந்தியா' (1984) படத்தில் வருகிறது. 'தில் சே' (1998) படத்தில் அதன் கூரை மீது ஆடுகிறார்கள். 'மூன்றாம் பிறை' (1982) படத்தின் இறுதிக்காட்சி கேத்தி ரயில் நிலையத்தில் எடுக்கப்பட்டது. இவற்றில் இயந்திரம் பெரும்பாலும் அழகான பின்னணி. அதைக் கட்டியவர்களும் நெருப்பு மூட்டியவர்களும் பழுது பார்த்தவர்களும் கதைக்குள் வரவில்லை.

இயந்திரத்தையே கதையின் நடுவில் வைத்த தமிழ்ப் படம் விக்ரம் குமாரின் '24' (2016). காலத்தில் முன்னும் பின்னும் போக உதவும் ஒரு கைக்கடிகாரம், அதைச் செய்த விஞ்ஞானி சேதுராமன், கடிகாரம் பழுது பார்க்கும் அவர் மகன் மணி என்று கதை ஓடுகிறது. சேதுராமனின் ஆய்வகத்தில் உள்ள பற்சக்கரங்களும் பழுப்பு நிற ஒளியும் ஸ்டீம்பங்க் தோற்றத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தன. 64ஆவது தேசிய விருதுகளில் ஒளிப்பதிவுக்காகத் திருவும், தயாரிப்பு வடிவமைப்புக்காக அப்படத்தின் கலைக்குழுவும் விருது பெற்றார்கள். கடிகாரம் பழுது பார்ப்பவரை நாயகனாக்கியது அதன் பெரிய பலம். கை வேலையின் நுணுக்கம் திரையில் மதிப்பு பெற்றது. ஆனால் அந்த ஆய்வகத்துக்கு ஊர் இல்லை. அது உலகில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இங்கேயே உள்ள பட்டறைகளின் சாயல் அதில் விழுந்திருந்தால் படம் இன்னும் வேரூன்றி இருக்கும்.

காலத்தைப் படமாக்கிய மற்ற முயற்சிகளையும் சொல்ல வேண்டும். ஏ. எல். விஜய்யின் 'மதராசப்பட்டினம்' (2010) 1940களின் சென்னையை மீண்டும் கட்டியது. பாலாவின் 'பரதேசி' (2013) தேயிலைத் தோட்டத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களின் வாழ்வைச் சொன்னது. இவை விக்டோரியாவுக்குப் பிந்தைய காலம். விக்டோரியா காலத்தையே எடுத்துக்கொண்டது பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' (2024). 1850இல் தொடங்கும் கதை. கோலார் வயலில் தங்கம் தேடும் ஆங்கிலேயன். அவனுக்காக மண் தோண்டும், நிலம் இழந்த மக்கள். அதில் பித்தளைச் சக்கரங்களின் மினுக்கம் இல்லை. அந்த மினுக்கத்துக்கு விலை கொடுத்த உடல்கள் இருக்கின்றன. மாயமும் கனவும் கலந்த அந்தப் படத்தின் கதைப்போக்கோடு எனக்கு எல்லா இடத்திலும் உடன்பாடில்லை. ஆனால் நீராவிக் காலத்தை மண்ணிலிருந்து மேல்நோக்கிப் பார்க்கும் கோணத்தை அது தமிழுக்குத் தந்துவிட்டது. '24' தந்த கருவிக் காதலும் 'தங்கலான்' தந்த கோணமும் ஒரே படத்தில் சேரும்போது தமிழுக்கென்று ஒரு நீராவிக் கற்பனை பிறக்கும்.

நிழற்படம்: அழகும் குற்றமும்

திரைக்கலைஞர்கள் இந்தக் காலத்தைப் படைக்கத் தேவையான முதல் ஆவணம் நிழற்படம்தான். அதிலும் தமிழ்நாட்டின் இருப்பு செழிப்பானது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் ட்ரைப், 1857 டிசம்பர் முதல் 1858 வரை சேலம், திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பகுதிகளில் மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு பயணம் செய்தார். அன்று புதிதாக வந்திருந்த கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டில் பூசிய ரசாயனம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவி முடிக்க வேண்டும். நம் வெயிலில் அது எளிதல்ல. அதனால் முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளக்கூடிய மெழுகு தடவிய காகித நெகடிவ்களை அவர் கையாண்டார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 6 மீட்டர் நீளப் படமாக்கினார். மதுரையில் திருமலை நாயக்கர் அரண்மனைத் தூண்களை, வெளிச்சமும் நிழலும் எடை போட்டு நிற்பதாகப் பதிவு செய்தார். 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், செலவு என்று சொல்லி அந்தப் பணியை நிறுத்தினார்.

இந்தப் படங்கள் இன்றைய ஒளிப்பதிவாளருக்கு ஒரு செய்தி சொல்கின்றன. பழைய காலம் என்றாலே நாம் மஞ்சள் கலந்த செபியா நிறத்தைப் போட்டுவிடுகிறோம். முட்டை வெண்கருவால் பூசிய அன்றைய படங்கள், தங்க உப்பில் நிறமேற்றப்பட்டு, புதிதாக இருந்தபோது ஆழ்ந்த பழுப்பும் ஊதாவும் கலந்த நிறத்தில் இருந்தன. மஞ்சள், காலம் அவற்றை அரித்த அடையாளம். மஞ்சள் வடிகட்டி போட்டு எடுக்கும்போது நாம் அந்தக் காலத்தைக் காட்டவில்லை. அது மங்கிப்போனதைக் காட்டுகிறோம். கூர்மையான கல், கறுத்த நிழல், வெளிறிய வானம், நீண்ட நேரம் திறந்த லென்ஸில் ஆள் நடமாட்டம் கரைந்துபோன தெரு ஆகியவைதான் அன்றைய படத்தின் உண்மையான குணங்கள்.

அதே கேமரா குற்றத்துக்கும் உடந்தையானது. 1876–78இல் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் அழித்தது. பல லட்சம் பேர் மாண்டார்கள். 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் தர்பார் கூட்டி விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவித்தபோது, மதுரை மாவட்டம் உட்பட இந்தப் பகுதி பசியில் கிடந்தது. பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட அனுப்பப்பட்ட அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணப் பணிக்கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க உழைத்தவருக்கு ஒரு பவுண்டு தானியம் என்ற அளவு அவர் பெயராலேயே பேசப்பட்டது. அந்தப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமான மக்களை வரிசையாக உட்காரவைத்துப் படமெடுத்தார் படை அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர். இதே மனிதர் 1886இல் மாண்டலேயில் மரண தண்டனை நிறைவேற்றங்களைப் படமெடுத்த விதத்துக்காக விசாரணைக்கு ஆளானார். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த 'இந்தியாவின் மக்கள்' என்ற ஆங்கிலத் தொகுப்பு, மனிதர்களைச் சாதி வாரியாகவும் இனம் வாரியாகவும் வகைப்படுத்திப் படமாக அடுக்கியது.

ஆக, விக்டோரியா காலப் புகைப்படம் என்பது கோயில் தூணின் அழகும் பஞ்சக் கூட்டத்தின் எலும்பும் ஒன்றாகப் பதிந்த ஆவணம். ஒன்றை எடுத்து மற்றொன்றை விட முடியாது.

இதற்கு மறுமொழியாக நம் மக்கள் செய்துகொண்டது ஸ்டுடியோப் படம். 20ஆம் நூற்றாண்டில் சிற்றூர்கள் வரை பரவிய ஸ்டுடியோக்களில், வரைந்த திரைக்கு முன், ரோமானியத் தூணும் ஏரியும் படிக்கட்டும் பின்னால் இருக்க, குடும்பம் குடும்பமாக நின்று படமெடுத்துக்கொண்டார்கள். கைக்கடிகாரம் தெரியும்படி கையை வைத்தார்கள். பக்கத்தில் ரேடியோவோ சைக்கிளோ இருந்தது. முன்பு வகைப்படுத்தப்பட்டவர்கள் இப்போது தங்களைத் தாங்களே அமைத்துக்கொண்டார்கள். இயந்திரத்தைத் தோளோடு சேர்த்துப் பெருமையாக நின்ற அந்தப் படங்கள்தான் தமிழின் முதல் நீராவிக் காலக் கற்பனை என்று நான் கருதுகிறேன். தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடிப் பாதுகாக்கும் பணி புதுச்சேரி ஆய்வாளர்களின் முயற்சியால் நடந்திருக்கிறது. கரையானும் ஈரமும் தின்றுகொண்டிருக்கும் எஞ்சிய படங்களுக்கு அந்தப் பணி விரிய வேண்டும்.

இன்றைய திருமணப் படப்பிடிப்புகள் அந்த ஸ்டுடியோவின் வாரிசுகள். செட்டிநாட்டு வீடுகளில் பழைய கடிகாரம், கிராமபோன், விளக்கு வைத்து மணமக்களைப் படமெடுக்கிறார்கள். அதில் பழிக்க ஒன்றுமில்லை. பாட்டன் காலப் பொருளோடு நிற்க ஆசைப்படுவது நல்ல உணர்வு. ஆனால் பொருள் வாடகைக் கடையிலிருந்து வராமல், மணமக்களின் சொந்த வீட்டுப் பரணிலிருந்து வரட்டும். தாத்தாவின் பூட்டும் பாட்டியின் தையல் மிஷினும் அந்தப் படத்தில் இருந்தால் அது அந்தக் குடும்பத்தின் வரலாறாகிவிடும்.

மலை மேல் ஒரு பித்தளைக் கண்

பஞ்சமும் புகைப்படமும் இயந்திரமும் ஒரே இடத்தில் சந்திப்பது நம் மாவட்டத்துக் கொடைக்கானலில். சென்னைப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனில் நிகழும் மாற்றங்களுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி ஆட்சியாளர்களைத் தொட்டது. சூரியனை நாள்தோறும் கவனிக்க ஓர் ஆய்வகம் வேண்டும் என்ற முடிவு அதிலிருந்து வந்தது. வானியலாளர் மிச்சி ஸ்மித் பொறுப்பில் 1899இல் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் தொடங்கியது.

அங்குள்ள 6 அங்குலத் தொலைநோக்கி, பாரிஸின் லெரெபூர் – செக்ரெத்தான் நிறுவனம் 1850இல் செய்தது. 1898இல் அதைப் புதுப்பித்தார்கள். 1904 முதல் அது சூரியனின் வெள்ளொளிப் படங்களை எடுத்து வந்திருக்கிறது. அதே ஆண்டு கேம்பிரிட்ஜ் கருவி நிறுவனத்தின் நிறமாலைப் படக்கருவியும் சேர்ந்தது. 1909இல் வானியலாளர் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடுவதை இங்கே கண்டுபிடித்தார். எவர்ஷெட் விளைவு என்ற பெயரில் உலக வானியல் நூல்களில் அது நிற்கிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட கண்ணாடித் தகடுகளையும் பிலிம்களையும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் எண்ணிமமாக்கியுள்ளது. சூரியனின் நீண்டகால மாற்றங்களை ஆராய்பவர்கள் இன்றும் அவற்றை நாடுகிறார்கள்.

ஸ்டீம்பங்க் கலைஞர்கள் கற்பனையில் வரைவது இதைத்தான்: பித்தளைக் குழல், கடிகாரப் பொறி, கண்ணாடித் தகடு, வானத்தைக் கேள்வி கேட்கும் மனிதன். இங்கே அது உண்மை. அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது, பசி. சமவெளியில் மாண்டவர்களுக்காக மலை மேல் ஒரு கருவி சூரியனைப் பார்க்கத் தொடங்கியது. இந்த ஒரு கதையை எடுத்துக்கொண்டு படமெடுக்கத் தமிழில் இன்னும் யாரும் முன்வரவில்லை என்பது எனக்குப் பெரும் ஆதங்கம்.

சமவெளியின் இயந்திரங்கள்

கீழே இறங்கினால் பொருள்கள் குவிந்து கிடக்கின்றன. ஆர்தர் கானன் டாயில் 1887இல் எழுதிய முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலைகாரன் பிடித்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று சாம்பலைப் பார்த்தே ஹோம்ஸ் சொல்லிவிடுகிறார். அந்தப் பெயரில் விற்ற சுருட்டுகளுக்கான புகையிலை திண்டுக்கல் சீமையில் விளைந்தது. திண்டுக்கல்லிலேயே சுருட்டுத் தொழில் செழித்தது. விக்டோரியா லண்டனைக் காட்டும் ஹோம்ஸ் படங்களில் எழும் புகைக்குப் பின்னால் இந்தச் செம்மண் காடும், சுருட்டுச் சுற்றிய கைகளும் இருக்கின்றன.

திருச்சியையும் மதுரையையும் திண்டுக்கல் வழியாக இணைத்த மீட்டர் கேஜ் பாதை 1875இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பஞ்சம் வந்தது. அந்தப் பஞ்சத்தில் மாகாணத்தின் ரயில்கள் நிவாரணத் தானியத்தைக் கொண்டுவந்தன. விலை அதிகம் கிடைக்கும் இடத்துக்குத் தானியத்தை அள்ளியும் போயின. 1909இல் 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதிய காந்தி, ரயில்வே பஞ்சத்தைப் பெருக்கியது என்று குற்றம் சாட்டினார். அவர் பெயரில் 1947இல் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் உருவாக்கிய காந்திகிராமம், அதே ரயில் பாதையை ஒட்டிய பகுதியில் இருக்கிறது. இயந்திரத்தை வியப்பதும் அதைக் கேள்வி கேட்பதும் இந்த மாவட்டத்தில் அருகருகே நடந்திருக்கின்றன.

முல்லைப் பெரியாறு அணை 1887 முதல் 1895 வரை பொறியாளர் ஜான் பென்னிகுயிக் தலைமையில் எழுந்தது. மேற்கே ஓடிய ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய அந்தப் பணியில் காடும் காய்ச்சலும் வெள்ளமும் பல உயிர்களைக் கொண்டன. பென்னிகுயிக் படத்துக்குத் தேனிப் பகுதி மக்கள் இன்றும் பொங்கல் வைக்கிறார்கள். அவர் பெயரோடு, சுண்ணாம்பு சுமந்து மாண்ட பெயர் தெரியாதவர்களும் திரையில் வர வேண்டும்.

திண்டுக்கல் நாகல்நகர்ப் பகுதிப் பட்டறைகளில் உருவாகும் பூட்டுகளில் மாங்காய்ப் பூட்டு உண்டு, திறந்தால் மணி அடிக்கும் பெல் பூட்டு உண்டு. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அரத்தால் ராவி, நெம்புகோல் ஒவ்வொன்றையும் அதன் சாவிக்கு மட்டும் பொருந்தும்படி செய்யும் ஆசாரிகள் குறைந்து வருகிறார்கள். ரெட்டியார்சத்திரத்தைச் சுற்றிய தோட்டங்களிலும் இயந்திரக் கதை உண்டு. மாடு இழுத்த கமலை போய், கிணற்று மேட்டில் ஆயில் இன்ஜின் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணக் கிணறுகளுக்கு ஆயில் இன்ஜின் பம்புகளைக் கொண்டுசெல்ல முனைந்தவர் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர். பெரிய சுழல்சக்கரத்தோடு தடதடத்த இன்ஜின்கள் மின் மோட்டார் வந்த பிறகு துருப்பிடித்துப் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. ஓர் அருங்காட்சியகமும் அவற்றைக் கேட்டு வரவில்லை.

எதிர்வாதங்கள்

இந்தப் பாணி மீது இரண்டு குற்றச்சாட்டுகள் உண்டு. முதலாவது, இது அந்நிய மோகம், பேரரசுக்கு ஏங்கும் மனநிலை என்பது. தொப்பியும் கோட்டும் மட்டும் எடுத்துக்கொள்ளும் படங்களுக்கு இது பொருந்தும். அதற்கு மருந்து விலகுவது அல்ல, நெமோவை மீட்பதுதான். இயந்திரம் ஆள்பவனுக்கே சொந்தம் என்ற எண்ணத்தை உடைத்தவன் அவன். இரண்டாவது, பஞ்சமும் சுரங்கச் சாவும் நடந்த காலத்தைப் பொழுதுபோக்காக்கலாமா என்பது. இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். பொழுதுபோக்குப் படம் அந்தத் துயரத்தை மறைத்தால் குற்றம். கதையின் உள்ளே கொண்டுவந்தால் கடமை. பேசாமல் விட்டால், பள்ளிப் பாடத்தில் ஓரிரு வரியோடு அந்தப் பஞ்சம் முடிந்துவிடும்.

செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. கலை இயக்குநர்கள் இணையத்தில் கிடைக்கும் லண்டன் படங்களுக்கு முன் ட்ரைப்பின் மதுரையையும் தஞ்சாவூரையும் பார்க்க வேண்டும். அரங்கப் பொருள் செய்யும்போது நாகல்நகர் ஆசாரிகளையும் திருச்சி பொன்மலை ரயில் பணிமனைத் தொழிலாளர்களையும் கலைஞர்களாக அழைத்து, பெயரையும் திரையில் போட வேண்டும். குறும்பட மாணவர்கள் கொடைக்கானல் ஆய்வகத்தின் வரலாற்றையும் சாமிக்கண்ணு வின்சென்டின் பயணத்தையும் கையில் எடுக்கலாம். கிணற்று மேட்டு இன்ஜின்களில் எஞ்சியவற்றை ஒவ்வொரு ஊராட்சியும் படமெடுத்து, ஓட்டியவர்களின் பேச்சோடு பதிவு செய்யலாம்; ரெட்டியார்சத்திரம் ஒன்றியம் இதற்கு முன்னோடியாக இருக்க எந்தத் தடையும் இல்லை.

நீராவிக் காலத்தை இதுவரை அதை ஆண்டவர்களின் கேமரா வழியாகத்தான் பெரும்பாலும் பார்த்திருக்கிறோம். அந்தக் காலத்தில் கரி அள்ளியவர்களின், சுருட்டுச் சுற்றியவர்களின், பூட்டு ராவியவர்களின், பசியில் மாண்டவர்களின் பேரப்பிள்ளைகள் கையில் இப்போது கேமரா இருக்கிறது. அவர்கள் எடுக்கும் படத்தில் பித்தளை மின்னட்டும், புகை எழட்டும், ஆகாயக் கப்பலும் பறக்கட்டும். அதை ஓட்டுபவர் இந்த மண்ணின் ஆளாக இருக்க வேண்டும். அது எதை எரித்து ஓடுகிறது என்பதையும் படம் மறைக்காமல் காட்ட வேண்டும்.